சங்கிலிக்குச் சுற்றிய துணி

'இவனை ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்' என்று யாராவது ஜோக் அடித்தால் நீங்களும் நானும் சிரித்திருக்கிறோம், இல்லையா? நான் சிரிப்பதை நிறுத்தியது 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி.

அன்று விடிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள். பெரும்பாலானவர்கள் சங்கிலியில். 28 பேர் இறந்துபோனார்கள். தீயைப் பார்த்தால் ஓடணும் என்பது தெரியாத அளவுக்கு யாருக்கும் புத்தி கெட்டுவிடுவதில்லை. அவர்களால் ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

காப்பகம் நடத்தியவர்மேல் கேஸ், தண்டனை எல்லாம் நடந்தது. சரி. ஆனால், பஸ் ஏற்றிக் கூட்டிவந்து அங்கே விட்டுப் போனவர்கள்? அது அம்மா. அல்லது அண்ணன். அல்லது கட்டிய புருஷன். தர்கா விளக்கின் எண்ணெய், மந்திரித்த தண்ணீர், 'போகலாம்' என்று கனவில் வரும் உத்தரவு... இவற்றை நம்பி வந்தவர்கள். அவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனநோய்க்கென்றே தனியாக இருந்த அரசு ஆஸ்பத்திரி, அன்றைக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான். கடன் வாங்கிப் பல இடம் அலைந்துவிட்டு, கடைசியில் சாமியிடம் வருகிறவனை 'மூடநம்பிக்கை' என்று திட்டுவது சுலபம். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து திட்டுவது இன்னும் சுலபம்.

அதற்காக, 'எல்லாம் நம்பிக்கைதானே, விடுங்க' என்றும் விட முடியாது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்ற சின்னக் கோயிலில் தங்கியிருந்த 31 பேரை, வந்தபோதும் கிளம்பும்போதும் டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து இல்லாமலே நோயின் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவிகிதம் குறைந்திருந்தன! சாமி செய்ததா? பயமுறுத்தாத இடம், கூடவே தங்கிய சொந்தக்காரர்கள், கோயிலில் கொடுத்த சின்னச் சின்ன வேலைகள். அதுதான் வேலை செய்திருக்கிறது என்று நான் படித்துக்கொண்டேன். (31 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

ஆக, பிரார்த்தனை வேறு, பிரம்பு வேறு. 'பேயைத்தான் அடிக்கிறேன், இவளை இல்லை' என்கிறான் பூசாரி. தடிப்பு ஏறுவது யார் முதுகில்? சங்கிலி எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. சம்பளம் கேட்காத வாட்ச்மேன், அவ்வளவுதான் அது.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால், வீட்டின் பின்கட்டு வரை சட்டம் எங்கே வருகிறது?

சின்ன வயசில் எங்கள் தெருவில் ஒரு அம்மா. பெரிய பையனைக் கொல்லைப்புறத் தூணில் கட்டிவைத்திருப்பார். அவன் இரண்டு முறை ரயில்வே லைன் வரைக்கும் ஓடியவன். கட்டாமல் விட்டால் செத்துப்போவான் என்பது அந்தம்மாவின் வாதம். அது பொய்யும் இல்லை. தினமும் காலையில் தன் பழைய நூல் புடவையைக் கிழித்து, அந்தச் சங்கிலியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்.

"கால்ல காயமாயிடும்ப்பா" என்பார் என்னைப் பார்த்து.

அந்தத் துணிக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?