கண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள்!

காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் ஏரிக்கரையில் எழுபதைத் தாண்டியவர் யாரையாவது நிறுத்தி, "கண்ணு எப்படிங்க இருக்கு?" என்று கேளுங்கள். "அதுக்கென்னப்பா, வயசாச்சு. காடு வா வாங்குது, வீடு போ போங்குது" என்பார். ஐயா, காடு எங்கும் ஓடிவிடாது. நீங்கள் முதலில் டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்கள்!

கண் மங்கினால் கண்ணோடு போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அது அங்கே நிற்பதில்லை. காஞ்சிபுரம் பட்டுத்தறியில் ஆயுளைக் கழித்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மூன்று நாடா ஓடும் கோர்வைச் சேலை. உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் சேலை காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் அறுந்த இழை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, மகனைக் கூப்பிடுகிறார். அடுத்த மாதம் தறியை விட்டே எழுந்துவிடுகிறார். பேப்பர் படிப்பது நிற்கிறது. படி தடுக்கும் என்று கோயிலுக்குப் போவதில்லை. எதிரே வருவது யாரென்று தெரியாததால் வணக்கமும் இல்லை, ஊர்ப் பேச்சும் இல்லை. திண்ணையே கதி. "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு" என்கிறது வீடு. வராமல் என்ன செய்யும்? பார்க்கவும் பேசவும் ஒன்றுமில்லாமல் மூளையைப் பட்டினி போட்டது யார்?

இது என் கற்பனையல்ல. முதுமையில் வரும் மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல் பட்டியலிட்டது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு அதில் புதிதாக இடம்பிடித்தது. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் 3,038 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வு, கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்றது. அறுவைதான் காத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பார்வை திரும்பக் கிடைக்கிறதே, அது ஒன்று போதாதா? நம் நாட்டில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய். அந்த வரிசையில் நிற்க உங்களுக்கு என்ன அவசரம்?

"புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது உங்கள் தாத்தா காலத்துப் பேச்சு. இன்று முற்றக் காத்திருக்கத் தேவையில்லை. சிறு கீறல், உள்ளே ஒரு லென்ஸ். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது. சிலருக்குப் புரைகூட இருக்காது, சரியான கண்ணாடி போட்டாலே போதும்! கண் நரம்பு கெட்டுப் பார்வை திரும்பாதவர்கள் உண்டு. அவர்களைத் திண்ணையில் தனியே விடாமல் பேச்சிலும் பாட்டிலும் வேலையிலும் இழுத்துப்போடுவது வீட்டாரின் கடமை.

வயசாச்சு என்கிறீர்களே, டாக்டர் கோ. வெங்கடசாமியைத் தெரியுமா? இளம் வயதிலேயே முடக்குவாதம் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். லட்சம் கண்களுக்கு மேல் அறுவை செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மற்றவர்கள் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு இருக்கும் வயதில், 1976-இல், மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோணிய விரல் அவருக்குச் சாக்கு ஆகவில்லை. உங்களுக்கு என்ன சாக்கு?

நாளைக் காலையே கண்ணைக் காட்டக் காஞ்சிபுரம் பஸ் ஏறுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வர ஆளில்லை என்றால் பேரனைக் கூப்பிடுங்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குடிமுழுகிப் போய்விடாது.