"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு": நினைவும் சாட்சியமும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

இந்த ஜும்ஆவில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவர் மனதார உண்மை என்று நம்பி ஒரு செய்தியைச் சொல்கிறார். ஆனால் அது அப்படி நடக்கவில்லை. அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அப்படியானால் அவருடைய சொல்லால் இன்னொருவருடைய உரிமை பறிபோனால், "நான் நம்பித்தான் சொன்னேன்" என்பது அவருக்குப் போதுமான பதிலாகுமா?

அந்தச் சனிக்கிழமை இரவு

நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "கல்பனா சாவ்லா இறந்த செய்தியைக் கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" பெரும்பாலானோர் உடனே பதில் சொல்வார்கள். எந்த அறை, யார் சொன்னார்கள், டிவியில் என்ன தெரிந்தது என்பது வரை சொல்வார்கள்.

2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் 16 நாள் பயணத்தை முடித்துக்கொண்டு பூமிக்குத் திரும்பிக் கொண்டிருந்தது. தரையிறங்க இன்னும் சுமார் பதினாறு நிமிடங்களே இருந்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே, 60 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அது சிதறியது. ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவருடன் இருந்த ஆறு பேரும் உயிரிழந்தார்கள். சில நாட்களிலேயே நம் நாட்டின் மெட்சாட் செயற்கைக்கோளுக்கு கல்பனா-1 என்று பெயர் மாற்றப்பட்டது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். அங்கே காலை எட்டு மணி என்றால் நமக்கு இரவு ஏழரை மணி. நம் பள்ளிவாசல்களில் இஷாவுக்குச் சற்று முன்பின்னான நேரம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே, "அன்று காலை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது டிவியில் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் அது நடந்திருக்க வழியில்லை. அவர் திங்கட்கிழமை காலையில் பார்த்ததை முதல் செய்தியோடு சேர்த்து வைத்திருக்கலாம். வேறு ஏதோ ஒரு நாளின் காலையாகவும் இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காட்சி அவர் மனதில் உண்மையாகவே இருக்கிறது. நாட்காட்டிதான் அதை ஏற்கவில்லை.

மறுநாள் எழுதி வாங்கினார்கள்

இது ஓரிருவருடைய பலவீனமா, அல்லது மனித மனமே இப்படித்தானா? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

கொலம்பியாவுக்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைஸர் என்ற உளவியல் பேராசிரியர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 106 மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருந்தபோது அறிந்தார்கள் என்று எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவரும் நிகோல் ஹார்ஷ் என்ற ஆய்வாளரும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

முக்கிய விவரங்கள் முழுவதும் பொருந்தியது 3 பேருக்கு மட்டுமே. 11 பேருக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வகுப்பறையில் பிறர் பேசக் கேட்டதாக முதலில் எழுதிய ஒரு மாணவி, பின்னர் விடுதி அறையில் தோழியோடு டிவியில் பார்த்ததாகச் சொன்னார். இதைவிட வியப்பு என்னவென்றால், தவறாகச் சொன்னவர்களில் பலர் மிகுந்த உறுதியோடு சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

கவனியுங்கள்! விண்கலம் சிதறியதை யாரும் மறக்கவில்லை. மாறிப்போனது இடம், நேரம், சொன்ன ஆள். அதிர்ச்சி நம் நினைவுக்குத் தெளிவையும் உறுதியையும் தருகிறது. ஆனால் அது சரியானதுதான் என்பதற்கு அந்தத் தெளிவு உத்தரவாதம் தருவதில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) வைத்த சோதனை

ஒருமுறை கேட்டு, காலம் கடந்து மீண்டும் கேட்டு, இரண்டையும் ஒப்பிடுவது நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நிகழ்ச்சி இது.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜுக்காக வந்திருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவை அவர்களிடம் அனுப்பி ஹதீஸ் கேட்டு வரச் சொன்னார்கள். கல்வி மக்களிடமிருந்து பறிக்கப்படாது, அறிஞர்களின் மரணத்தால் அது உயர்த்தப்படும் என்ற ஹதீஸை உர்வா கேட்டு வந்து சொன்னார். அன்னைக்கு அது வியப்பாக இருந்தது. அறிவித்தவர் உன்னதமான நபித்தோழர். இருந்தும் அன்னை அத்தோடு விடவில்லை. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்தபோது உர்வாவை மறுபடி அனுப்பி, பேச்சோடு பேச்சாக அதே ஹதீஸைக் கேட்கச் சொன்னார்கள். அவர் முதலில் சொன்னபடியே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று அறிந்த பிறகே அன்னை மன நிறைவடைந்தார்கள்.

இதில் சந்தேகப்படும் குணம் இல்லை. நபியின் பெயரால் சொல்லப்படும் ஒரு சொல்லின் மீதுள்ள பொறுப்புணர்வு இருக்கிறது.

பின்னால் வந்த முஹத்திஸ்கள் இதையே சட்டமாக்கினார்கள். அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்த், அதாவது கேட்டதைப் பிசகாமல் பாதுகாக்கும் திறன். ஒன்று இருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியின் தூண்களருகே எத்தனையோ நல்லடியார்களைக் கண்டதாகவும், பொதுநிதியையே நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்களாக இருந்தும் அவர்களிடம் ஹதீஸ் வாங்கவில்லை என்றும் கூறியதாகப் பதிவாகியுள்ளது. அதாஉ பின் ஸாயிப் (ரஹ்) அவர்களுக்கு முதுமையில் நினைவு குழம்பியது. அதற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து எழுதி வைத்தார்கள்.

நம் பயான்களில் ஹதீஸின் முடிவில் "அவ் கமா கால்" என்று ஆலிம்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "அல்லது அவர்கள் கூறியதைப் போல" என்பது பொருள். என் நாவு ஒரு சொல்லை மாற்றியிருக்கக்கூடும் என்ற அச்சம்தான் அந்தச் சொல்.

நம் வீட்டுப் பஞ்சாயத்துகளில்

விண்கலச் செய்தியை எங்கே கேட்டோம் என்பதில் தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே மனதை வைத்துத்தான் நாம் சொத்துக்கும், கடனுக்கும், தலாக்குக்கும் சாட்சி சொல்கிறோம்.

ஜமாஅத் பஞ்சாயத்துகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. அண்ணன் சொல்வார்: "அத்தா மவுத்துக்கு முந்தின வாரம் கடையை எனக்குத்தான் தர்றதா சொன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." தம்பி சொல்வார்: "நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். அத்தா அப்படிச் சொல்லவே இல்லை." இருவரும் குர்ஆன் மீது கை வைக்கத் தயாராக இருப்பார்கள். இருவரும் தொழுகையாளிகள். ஒருவரையொருவர் பொய்யர் என்று முடிவு செய்துவிட்டு, பத்து வருடம் ஸலாம் இல்லாமல் ஒரே ஸஃப்பில் நிற்பார்கள். இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மரணப் படுக்கையும் ஓர் அதிர்ச்சிதான். அன்று கேட்ட சொற்கள் பலமுறை சொல்லிச் சொல்லி வடிவம் மாறியிருக்கலாம்.

இதனால்தானோ என்னவோ, குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. அதுவே நீதிக்கும் சாட்சியத்துக்கும் உறுதியானது, சந்தேகம் வராமலிருக்க நெருக்கமானது என்று காரணமும் சொல்கிறது.

கொலம்பியா விசாரணையிலும் இதைக் காணலாம். புறப்பட்ட 82 நொடிகளில் எரிபொருள் தொட்டியிலிருந்து சுமார் முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியிருந்தது. அவ்வளவு இலேசான பொருள் விண்கலத்தை அழிக்காது என்று பொறுப்பிலிருந்தவர்கள் உறுதியாக நம்பினார்கள். தரையில் விழுந்த 84,000 துண்டுகளைப் பொறுக்கினார்கள். அவற்றோடு கிடைத்த ஒரு பதிவு நாடா, இடது இறக்கையில் வெப்பம் ஏறிய வரிசையைச் சொன்னது. 2003 ஜூலையில் அதே போன்ற நுரையை இறக்கைப் பாகத்தின் மீது மோதவிட்டுச் சோதித்தபோது சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. மனிதர்களின் உறுதியைவிடப் பதிவும் சோதனையும் நேர்மையான சாட்சிகளாக நின்றன.

நாம் செய்ய வேண்டியது

முதல் கேள்விக்கு வருவோம். மறதிக்காக அல்லாஹ் நம்மைப் பிடிப்பதில்லை. அது அவனுடைய அருள். ஆனால் அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் அவன் எச்சரிக்கிறான் (17:36). மறந்தது குற்றமாகாது. சரிபார்க்க வழியிருந்தும் பாராமல், "எனக்கு நிச்சயம் தெரியும்" என்று இன்னொருவருடைய உரிமையில் கை வைப்பதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

எனவே கடன், நகை, பங்கு, வஸிய்யத் எதுவானாலும் அன்றே தேதி போட்டு எழுதுங்கள். அண்ணன் தம்பிக்குள் என்றாலும் எழுதுங்கள். சாட்சி சொல்லும்போது, கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, நீங்களாக ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் நினைவுக்கு மாறாக ஒருவர் பேசினால், "பொய் சொல்கிறான்" என்று தொடங்காதீர்கள். "என் நினைவு இப்படி, உங்கள் நினைவு அப்படி, வேறு ஆதாரம் இருக்கிறதா பார்ப்போம்" என்று தொடங்குங்கள். அந்த ஒரு வாக்கியம் பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், நீங்கள் பேசாமல் இருக்கும் அந்தச் சொந்தக்காரரை நினைத்துப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் இடையில் நிற்பது அவருடைய பொய்யா, இல்லை இரண்டு பேருடைய ஞாபகமா?

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்வாயாக! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவைத் தருவாயாக! பிரிந்த உறவுகளை இணைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.