அவரவர் வீட்டுக்கு எதிரே



“எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை, சுவாமி.” இந்த வார்த்தையைக் கேட்டிராத குருவானவர் நம் பகுதிகளில் இருக்கமாட்டார். 2009இல் யுத்தம் முடிந்து தம் காணிக்குத் திரும்பி, அத்திவாரத்தை மாத்திரம் கண்டு நின்றவர்கள் இதைச் சொன்னார்கள். மூன்று இடங்களில் நுண்கடன் எடுத்து, ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்றில் வாங்கும் தாய்மார் இன்றும் சொல்கிறார்கள். பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையோ ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுவது சுலபம். ஆனால் சுமை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கிற எவருக்கும் கை சோர்ந்துதான் போகும்.

பழைய ஏற்பாட்டில் நெகேமியாவுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. பாரசீக மன்னனுக்குப் பானம் பரிமாறும் உத்தியோகத்தில் இருந்தவர் அவர். கி.மு. 587இல் பாபிலோனியர் அழித்த யெருசலேமின் மதில் இன்னும் இடிந்தே கிடக்கிறது என்ற செய்தி, கி.மு. 445ஆம் ஆண்டளவில் அவருக்கு வந்தது. கேட்டதும் உட்கார்ந்து அழுதார். நாட்கணக்காக உபவாசம் இருந்து செபித்தார். மன்னனிடம் வாய் திறக்க நாலு மாதம் சென்றது. திறந்தபோதோ, வெறும் அனுமதியோடு அவர் நிற்கவில்லை. வழியிலுள்ள ஆளுநர்களுக்குக் கடிதமும், மரம் தரும்படி அரச காட்டின் காவலருக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்கினார். செபிக்கத் தெரிந்த மனிதருக்கு உதவி கேட்கவும் தெரிந்திருந்தது.

நகருக்கு வந்து மூன்று நாட்களின் பின், இரவில், சிலரை மாத்திரம் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் கடந்துபோகவும் வழி இல்லை. உடைவுகளை நேரில் பார்த்த பிறகே மக்களை அழைத்தார்.

அடுத்து வரும் மூன்றாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று நம்மில் பலர் புரட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். முழு மதிலும் யாருடைய தலையிலும் வைக்கப்படவில்லை. தலைமைக் குருவும் மற்றக் குருக்களும் ஒரு வாசலைக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு அடுத்ததாக எரிக்கோ ஊரவர்கள். பின்னர் ஒரு பொற்கொல்லர், அவருக்குப் பக்கத்தில் வாசனைத் தைலம் செய்பவர். ஒருவர் தம் புதல்வியரோடு வந்து கட்டுகிறார். பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள துண்டைக் கட்டுகிறார்கள். ஒருவரோ தம் அறைக்கு எதிரே. தம் வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற அளவு வேலை! ஆனால் இடத்திலும் வலத்திலும் இன்னொருவர் நின்றார். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மாத்திரம் தோள் கொடுக்க மறுத்தார்களாம். அத்தகையோர் எந்தப் பங்கிலும் உண்டு. அவர்களுக்காக வேலை நிற்கவில்லை.

மதில் பாதி உயரம் வந்ததும் மக்கள் களைத்துப்போனார்கள். மண்மேடு அதிகம், சுமப்போருக்குப் பலம் இல்லை என்று முறையிட்டார்கள். “விசுவாசம் போதாது” என்று நெகேமியா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பகைவரின் பயமும் இருந்ததால் ஒரு பகுதியினரைக் காவலுக்கு வைத்து, மற்றவர்களை வேலைக்கு விட்டார். தூரத் தூர நின்றவர்கள் தனித்துப்போகாதபடி, எக்காளம் கேட்ட இடத்துக்கு எல்லோரும் ஓடிவர ஏற்பாடு செய்தார்.

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது ஐந்தாம் அதிகாரம். கட்டிக்கொண்டிருந்த மக்களே கடனில் மூழ்கியிருந்தார்கள். வயலும் வீடும் ஈட்டில் இருந்தன. பிள்ளைகள் அடிமைகளாகப் போயிருந்தார்கள். வட்டி வாங்கியவர்களோ அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர்! நெகேமியா சினங்கொண்டு சபையைக் கூட்டினார். கடன் கொடுத்தவர்களுள் தம்மையும் சேர்த்துப் பேசி, வயலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். முதுகில் கடனை ஏற்றி வைத்துக்கொண்டு, “தைரியமாய் இரு, மதிலைக் கட்டு” என்று சொல்லும் ஆறுதல் அவருக்குத் தெரியாது. 52 நாட்களில் மதில் முடிந்தது.

ஆகவே, சகோதரியே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் கடன் புத்தகங்கள் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் திகதி, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள். கணவரும் கூட இருக்கட்டும். ஒளித்து வைத்த கடனே அதிகம் அழுத்துகிறது. இந்த மாதத்துக்கு ஒரே வேலை: புதிதாகக் கடன் எடுக்காமல் மாதத்தைக் கடப்பது. மற்றதை அடுத்த மாதம் பார்ப்போம். பரீட்சைப் பிள்ளைக்கும் முழுப் புத்தகத்தைக் காட்டாமல், இன்றைக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, அது முடியும்வரை பக்கத்தில் இருங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, தயவுசெய்து!

பங்கு மக்களுக்கும் ஒரு சொல். அந்தத் தாளோடு அந்தத் தாய் தனியே அலுவலகப் படி ஏறக்கூடாது. வின்சென்ட் டி போல் சபையாருக்கும், கணக்குத் தெரிந்த இளைப்பாறிய ஆசிரியர்களுக்கும் இது கைவந்த வேலை. ஞாயிறு பூசை முடிந்து கலையும்போது, பக்கத்து வாங்கில் இருந்தவரிடம், “திங்கட்கிழமை நானும் உங்களோடு வரட்டுமா?” என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.