நரையின்மையும் வாய்மையும்

ஒருவருடைய அகவையைப் பிறர் குறைத்து மதிப்பாராயின், அதுபற்றி அவர் மகிழ்தற்கு இடமுண்டோ? அது பிழையென்று அறிந்தும் திருத்தாது வாளா இருத்தல் பொய்யாகுமோ, ஆகாதோ? இவ்விரு வினாக்களும் மேலோட்டமாக நோக்குவார்க்குச் சிறியனவாகவே தோன்றும். நமக்கும் அங்ஙனமே தோன்றியிருந்தன. சில திங்கட்கு முன் நேர்ந்த நிகழ்ச்சியொன்று நம் கருத்தை மாற்றிவிட்டது. அதனை முதற்கண் கூறி, ஆராய்ச்சியைப் பின்னர்த் தொடங்குவாம்.

நமக்கு ஆண்டு 66 நிரம்பியது. ஆயினும் தலை நரைத்திலது. முன்னோர் வழிவந்த உடற்கூறன்றி அதற்கு வேறு காரணம் நாம் அறியோம். ஓரூரில் குருபூசை நாளன்று மாகேசுர பூசை முடிந்தபின், முன்னர் அறிமுகமில்லாத புலவர் ஒருவருடன் திண்ணையில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தோம். தலை முற்றும் வெளுத்து, முதுகு சிறிது வளைந்தவர் அவர். பேச்சினிடையே, "தங்கட்கு ஐம்பது இருக்குமோ?" என்று வினவினார். நாம் விடையொன்றுங் கூறாது முறுவலித்தோம். உள்ளம் உவந்தது என்பதனை ஈண்டு மறைத்தலாற் பயனில்லை.

உடனே அவர் தம் பையினின்றும் ஒரு தாட்கட்டினை எடுத்தார். சாத்திர நூலொன்றற்குத் தாம் 20 ஆண்டுகளாக எழுதிவரும் உரை அதுவென்றும், பாதியே முடிந்துள்ளதென்றும் கூறினார். "அடியேனுக்கு 58 ஆகிறது; உடம்பும் தளர்ந்துவிட்டது. தாங்கள் இளையவர்கள். எனக்குப்பின் தாங்களே இதனை நிறைவு செய்து அச்சேற்றல் வேண்டும்" என்று நம் கையில் வைத்தார். அவரினும் 8 ஆண்டு மூத்த நாம் அதனைப் பெற்றுக்கொண்டோம்.

அன்றிரவு துயில் வந்திலது. பொய்ச்சொல் யாதும் நாம் கூறவில்லையே என்று மனம் வாதிட்டது. கேட்பார் உள்ளத்தில் உள்ளதல்லாத ஒன்றை நிலைபெறச் செய்தலே பொய்யின் இயல்பு. அது நாவால் நிகழினும் முறுவலால் நிகழினும் ஒன்றே. வழிச்செல்வார் ஒருவர் நம்மை இளையரென எண்ணிப் போவாராயின், அவர்பின் ஓடித் திருத்துதல் வேண்டா; அதனால் அவர்க்கு இழப்பொன்றுமில்லை. தம் வாழ்நாள் உழைப்பையே அவ்வெண்ணத்தின்மேல் வைப்பாரிடத்து வாளா இருத்தலோ, அவர் பொருளைக் கவர்தலோடு ஒக்கும்.

அற்றேல், பிசிராந்தையார் தம் நரையின்மையை மறுத்திலரே எனின், கூறுதும். கோப்பெருஞ்சோழனை நாடிச் சென்ற அவரைச் சான்றோர், ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாதென வினவினர். புறநானூற்றின் 191-ஆம் செய்யுள் அதற்கு அவர் தந்த விடையாகும். ஆண்டு இரண்டு நோக்கத்தக்கன. வினவினார் அவருடைய ஆண்டினை அறிந்தே வினவினர். ஆகலின் மறைத்தற்கு ஒன்றுமில்லை. அவரும் அப்பெருமையைத் தம் உடம்பின்மேல் ஏற்றிக்கொண்டிலர். மாண்புடைய மனைவிக்கும், அறிவு நிரம்பிய மக்கட்கும், கருத்தறிந்து நடக்கும் ஏவலர்க்கும், முறைதவறாத வேந்தற்கும், ஊரிலுள்ள சான்றோர்க்குமே உரித்தாக்கினர். நாமோ நம்மை அறியாதார் அறியாமையையே அணியாகப் பூண்டோம். அவர் நரையின்மைக்கும் நம் நரையின்மைக்கும் உள்ள சேய்மை இதுவாம்.

இனி, மகிழ்ச்சியின் தோற்றத்தை ஆராய்வாம். நாம் 24 ஆண்டினராய்ப் பாடஞ் சொல்லத் தொடங்கிய காலத்து, மாணாக்கர் ஒருவரின் தந்தையார் வந்து, நம்மையே நோக்கி, "தம்பி, ஆசிரியர் எங்கே?" என்று கேட்டார். அன்றெழுந்த வெகுளி பன்னாள் தணிந்திலது. பாண்டியன் நெடுஞ்செழியன் தன்னை இளையனென்று எள்ளிய பகைவர்மேல் வஞ்சினங் கூறிய செய்யுளை மாணாக்கர்க்கு அந்நாளில் மிகுந்த ஊக்கத்தோடு விரித்துரைத்தோம். அங்ஙனம் அன்று கைத்த சொல்லே இன்று இனித்தது. சொல்லின்கண் கைப்புமில்லை, இனிப்புமில்லை. இரண்டும் உடம்பையே யானெனக் கொள்ளும் மயக்கத்தின் காரியங்களாம். உடம்பு மாயையினின்றும் தோன்றியது. காலமோ, வினைப்பயனை அளவுபடுத்தி நுகர்விக்கும் தத்துவம். அநாதியாகிய உயிர்க்கு 24-உம் இல்லை, 66-உம் இல்லை. இதனை நாற்பதாண்டு பிறர்க்குப் பாடஞ் சொல்லியும், "ஐம்பது இருக்குமோ" என்னும் ஒரு சொல்லின்முன் நாம் நிலைகுலைந்தோம். ஆணவமாவது யாதென வினவிய அருணந்தி சிவாசாரியரை மெய்கண்டதேவர் மேலுங் கீழும் நோக்கியருளினார் என்பது மரபு. அந்நோக்கம் அன்றிரவு நம்மேலும் விழுந்ததாக உணர்ந்தோம்.

விடிந்தவுடன் அவரிடம் சென்று நம் அகவையைக் கூறித் தாட்கட்டினையும் அவர்முன் வைத்தோம். அவர் சிறிதுபோழ்து பேசாதிருந்தார். பின்னர், "எனக்கு 30 வயதிலேயே நரைத்துவிட்டது. மூத்தவரென்று எண்ணி, என்னினும் மூத்தார் பலர் என்னை வணங்கியிருக்கின்றனர். ஒருவரையேனும் நான் தடுத்ததில்லை" என்றார். இல்லாத இளமையை நாம் கொண்டதுபோலவே இல்லாத முதுமையை அவரும் கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கினோம்.

எஞ்சிய உரையை யார் முடிப்பது என்னும் வினா அப்பொழுதும் நின்றது. மூப்பாலும் நோயாலும் எழுதுகோல் எவர் கையினின்று முன்னர் நழுவும் என்பதனை முடியின் நிறங்கொண்டு அறிதல் இயலாது. இப்பொழுது அத்தாட்கட்டு 26 ஆண்டினராகிய ஒரு மாணவரிடத்தில் உள்ளது. திங்கள்தோறும் நாமிருவரும் அவருடன் கூடி, அவர் வினவும் ஐயங்கட்கு விடை கூறி வருகின்றோம். அவர் சொல்லும் பொருளே நம் பொருளினும் சிறந்ததாதலும் உண்டு. மெய்கண்டார் திருமுன் தம் முதுமையை மறந்து மாணாக்கராய் நின்றவர் மரபில் வந்தார்க்கு அதனை ஏற்றுக்கொள்ளுதல் அரிதாகாது.