மாநாட்டு வாசலில் நிற்கும் தொண்டர்

1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் வினோபா பாவே வார்தாவிலிருந்து நடக்கத் தொடங்கினார். ஹைதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளியில் சர்வோதய மாநாடு. தூரம் ஏறத்தாழ 300 மைல். பவனார் ஆசிரமத்தில் பணத்தின் துணையின்றி வாழும் சோதனையில் அவர் அப்போது ஈடுபட்டிருந்ததால் ரயில் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாநாடு முடிந்து தெலங்கானாக் கிராமங்களின் வழியே நடந்தபோது, ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் நிலமற்ற 40 குடும்பத்தினர் அவரிடம் 80 ஏக்கர் கேட்டதும், ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்ததும், பூதானம் பிறந்ததும் அன்பர்கள் அறிந்தவையே.

துறவிக்கு நடை சாத்தியம். மாடு கறக்கவும் கூலி வேலைக்குப் போகவும் வேண்டிய குடும்பஸ்தர் என்ன செய்வார்?

சில ஆண்டுகளுக்கு முன், வட இந்திய நகரம் ஒன்றில் கிராமப் புனரமைப்பு பற்றி நடந்த மூன்று நாள் மாநாட்டுக்குச் சென்றிருந்தேன். பிரதிநிதிக் கட்டணம் 2000 ரூபாய். அவ்வட்டாரத்தில் பாழடைந்த குளத்தைத் தங்கள் கைகளால் தூர்வாரிய இளைஞர்களும் வந்திருந்தனர். பந்தலுக்குள் அல்ல, வாகனங்களை ஒழுங்குபடுத்தும் இடத்தில். உள்ளே திரையில் ஓடியது அவர்களுடைய குளத்தின் படம். எழுந்த கைதட்டலை அவர்கள் வெளியில் நின்று கேட்டார்கள். அமைப்பாளர்கள் நல்லவர்களே. பந்தல், உணவு, அச்சுச் செலவு எல்லாவற்றையும் கூட்டி வகுத்தே கட்டணம் நிர்ணயித்திருந்தனர். அந்தக் கணக்கில் மூன்று நாள் கூலி இழப்பவர் எந்த வரியிலும் இல்லை.

இலவசமாகக் கிடைப்பதை மனிதன் மதிப்பதில்லை என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் குளத்தில் மண் சுமந்தவர் தமது கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டாரே! இன்னொரு தயக்கம் இதைவிட நுட்பமானது: இழந்த கூலியை ஈடுசெய்தால் தொண்டு மாசுபடாதா? எனக்கும் இத்தயக்கம் நெடுநாள் இருந்தது. விமானத்தில் வந்திறங்கும் பேச்சாளரின் பயணச் செலவை ஏற்கும்போது அவருடைய நிஷ்காமத்தைப் பற்றி நாம் ஐயுறுவதில்லை என்பது உறைத்த பிறகுதான் அது நீங்கியது.

கொடுக்கும் முறையும் முக்கியம். ஏழ்மைக்குச் சான்று கேட்டுத் தரும் சலுகை, பெற்றவரைத் தலைகுனிய வைக்கும். உள்ளூர்த் தொண்டர் யாவரும் கட்டணமின்றி வரலாம் என்று பொதுவாக அறிவித்து, அச்செலவை வசதியுள்ளோர் கட்டணத்தில் சேர்த்துவிட்டால் யாரும் யாருக்கும் கடன்பட மாட்டார்கள். அறுவடைக் காலத்தைத் தவிர்ப்பதும், விடுமுறையில் பள்ளிக்கட்டிடத்தைப் பயன்படுத்துவதும், வீட்டுக்கு இருவர் என விருந்தினரை ஏற்கச் சொல்வதும் பணமில்லாமலேயே ஆகக்கூடியவை. பெண் தொண்டர்கள் வரவேண்டுமெனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் இடம் தேவை; இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கூட்டத்தையே கிராமத்துக்குக் கொண்டு செல்வது இன்னும் மேல். ராஜஸ்தானின் அல்வார் மாவட்டத்தில், ஜோஹட் எனும் மண் அணைக் குளங்களை ஊரார் உழைப்பால் மீட்டதில், வறண்டு கிடந்த ஆர்வரி ஆறு மீண்டும் ஓடியது. நீரை எவ்வாறு பகிர்வது என்று முடிவு செய்ய, கரையோரத்துச் சுமார் 70 கிராமங்கள் 1999இல் தமக்கென ஒரு நதிப் பாராளுமன்றம் அமைத்துக்கொண்டன. அங்கே பேசுபவரும் மண் சுமந்தவரும் ஒருவரே. 2000ஆம் ஆண்டில் அக்கிராமத்தினருக்கு விருது வழங்க, அவர்களைத் தில்லிக்கு வரவழைக்காமல், குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணனே அங்கு சென்றார்.

அந்த மாநாட்டின் இறுதி நாள், வாகனங்களுக்கு நடுவே நின்ற ஓர் இளைஞரிடம், "உள்ளே வந்திருந்தால் என்ன பேசியிருப்பீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"பேச ஒன்றுமில்லை, ஐயா. இரண்டாவது மழையில் கரை ஒரு பக்கம் உடைந்துவிட்டது. எப்படிக் கட்டினால் நிற்கும் என்று கேட்டிருப்பேன்" என்றார்.

திரையில் காட்டியது உடைவதற்கு முன் எடுத்த படம்.