பேர் மட்டும் மிஞ்சிய சுல்தான்
மூவார் போகும்போதெல்லாம் சுல்தான் அலி ஞாபகம் வரும். அவருடைய அப்பா ஹுசேனை 1819இல் சுல்தானாக்கியவர் ராஃபிள்ஸ். 1855 ஒப்பந்தத்தில் அலிக்குக் கிடைத்தவை சுல்தான் பட்டம், மாதம் 500 டாலர், மூவார்-கெசாங் பகுதி. மீதி ஜோகூரின் ஆட்சி தெமெங்கோங் டாயெங் இப்ராஹிமுக்கு. 1877இல் அலி இறந்ததும் மூவாரும் இப்ராஹிமின் மகன் அபு பக்காரிடம் போனது. 1885இல் அவரே ஜோகூர் சுல்தான்.

“பாவம், ஏமாத்திட்டாங்க” என்பார்கள் நண்பர்கள். வெள்ளைக்காரன் கொடுத்ததை வெள்ளைக்காரனே எடுத்துக்கிட்டான், அதுவும் உண்மைதான். ஆனால் அலி கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தது நிலத்தை மட்டுமா? அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும்தானே? பொறுப்பைக் கொடுத்துட்டு பேரை மட்டும் வச்சுக்கிட்டா, அது எத்தனை நாள் நிற்கும்? பட்டம் 1877இல் பறிபோகவில்லை, 1855இலேயே போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.