மாறியவனின் குற்றம்

ஒரு கலைஞன் தன் முதல் குரலுக்கு எவ்வளவு காலம் கடன்பட்டவன்? கவிதை பற்றிய நம் சர்ச்சைகளில் இந்தக் கேள்வி வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டேயிருக்கிறது. தேக்கம், பின்வாங்கல், சமரசம், துரோகம். என்னை அது பிடித்து உலுக்கியது கவிதையின் வழியாக அல்ல. லண்டனைச் சேர்ந்த ஒரு பங்க் ராக் குழுவின் வழியாக.

க்ளாஷ் குழுவின் முதல் ஆல்பம் 1977 ஏப்ரலில் வெளிவந்தது. பதினான்கு பாட்டுகள், மொத்தம் முப்பத்தைந்து நிமிஷங்கள். இரண்டு மூன்று ஸ்வரக்கட்டுகள், ஓய்வே இல்லாத கிதார், பாட்டு என்பதை விடக் கத்தல் என்று சொல்லத்தக்க ஜோ ஸ்ட்ரம்மரின் குரல். வேலையின்மை, போலீஸ், அலுப்பு இவைதாம் விஷயம். சில ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர் பதிவுசெய்து தந்த காஸெட்டில் அதைக் கேட்டேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. பாதி வார்த்தைகள் புரியவில்லை. ஆனால் அலங்காரம் என்ற ஒன்றை முற்றாக நிராகரித்த ஒரு வெளிப்பாடு சாத்தியம் என்பது புரிந்தது. எனக்கு அப்போது அதுதான் தேவையாக இருந்தது.

அதே நண்பர் பிறகு 'ஸாண்டினிஸ்டா!'வைக் கொடுத்தார். 1980 டிசம்பரில் வந்தது. மூன்று இசைத்தட்டுகள், முப்பத்தாறு பாட்டுகள், இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல். ரெக்கே, டப், தேவாலயப் பாட்டு, ஜாஸ், வால்ட்ஸ், அப்போதுதான் நியூயார்க்கில் உருவாகிக்கொண்டிருந்த ராப் எல்லாம் இருந்தன. எனக்குத் தெரிந்த க்ளாஷ் மட்டும் இல்லை. முதல் ஆல்பத்தில் வேலை தேடும் இளைஞனின் ஆத்திரமாக ஒலித்த 'கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்' பாட்டை இதில் குழந்தைகள் பாடுகிறார்கள். அதைக் கேட்டதும் காஸெட்டை நிறுத்திவிட்டேன். தங்கள் கோபத்தைத் தாங்களே கேலி செய்கிறார்கள் என்று தோன்றியது. ஏமாற்றப்பட்டவனின் கோபம் எனக்கு.

இதை ஒரு ரசனைச் செய்தியாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு நண்பரின் கவிதைகளைப் பற்றி எழுதினேன். ஆவேசமான கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தவர், திடீரென்று கொல்லைப்புறத்தையும் மழையையும் அம்மாவின் மூக்குக்கண்ணாடியையும் பற்றி எழுத ஆரம்பித்திருந்தார். அதைப் 'பின்வாங்கல்' என்று எழுதினேன். கவிதை மோசம் என்று நான் சொல்லவில்லை. மனிதன் மாறிவிட்டான் என்றேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

க்ளாஷின் மீதான குற்றச்சாட்டு அவர்களுடைய சப்தம் மாறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வங்கிக் குமாஸ்தாவாக இருந்த மார்க் பெர்ரி 1976இல் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தட்டச்சு, கையெழுத்து, நகல். முதல் இதழ் சுமார் ஐம்பது பிரதிகள். நமக்கு அந்நியமான பத்திரிகை அல்ல. 1977 ஜனவரியில் க்ளாஷ் ஸி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனியோடு ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அன்றே பங்க் செத்துவிட்டது என்று பெர்ரி அறிவித்தார். அந்த அறிவிப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அவ்வளவாக மேற்கோள் காட்டப்படாத விஷயம் ஒன்று உண்டு. பெர்ரியே பிறகு ஆல்டர்நேட்டிவ் டி.வி. என்ற குழுவை ஆரம்பித்தார். 1979இல் வந்த அதன் இரண்டாவது ஆல்பம் பங்க் ரசிகர்களால் பொறுத்துக்கொள்ள முடியாத பரிசோதனையாக இருந்தது. தீர்ப்புச் சொன்னவரே கூண்டில் ஏற வேண்டியதாயிற்று.

காசுக்காக மாறினார்கள் என்பது சுலபமான விளக்கம். ஆனால் காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. அவர்களுடைய சப்தம் மிகக் கரடுமுரடாக இருந்தபோதுதான் கம்பெனிப் பணம் வந்தது. சப்தம் விரியத் தொடங்கிய பிறகு பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' இரட்டை ஆல்பம் ஒரு தட்டின் விலைக்கு விற்கப்பட்டது. 'ஸாண்டினிஸ்டா!'வைக் குறைந்த விலையில் விற்பதற்காக, பிரிட்டனில் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். வியாபாரத்துக்காக மாறுகிறவன் இப்படியா மாறுவான்?

முதல் குரல் என்ற பேச்சிலும் ஒரு கோளாறு இருக்கிறது. க்ளாஷுக்கு முன்பு ஸ்ட்ரம்மர் 101'அர்ஸ் என்ற குழுவில் மதுக்கடைகளில் பழைய பாணி ராக் பாடிக்கொண்டிருந்தார். 1976 ஏப்ரலில் அவர்களுடைய நிகழ்ச்சியில் முன்குழுவாக வாசித்த ஸெக்ஸ் பிஸ்டல்ஸைக் கேட்டார். சில வாரங்களில் தன் குழுவை விட்டு வெளியேறினார். 101'அர்ஸின் ரசிகனுக்கு அது துரோகம். நான் வணங்கிய அந்த மூலக் குரலே ஒரு மாற்றத்தின் விளைவு. மேலும், முதல் ஆல்பத்திலேயே ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' இருக்கிறது. இரண்டு நிமிஷப் பாட்டுகளுக்கு நடுவில் ஆறு நிமிஷத்துக்கு அது ஓடுகிறது. 'ஸாண்டினிஸ்டா!' அந்த ஆறு நிமிஷத்துக்குள் ஏற்கனவே இருந்தது. நான்தான் அதைக் கேட்காமல் கடந்து போயிருக்கிறேன்.

இதனால் மாற்றம் எல்லாம் நல்லது என்றாகிவிடாது. 'ஸாண்டினிஸ்டா!'வில் சரக்கில்லாத பாட்டுகள் பல. கடைசித் தட்டில் பல முந்தையவற்றின் கலைந்த பிரதிகள். ஒரு தட்டைக் குறைத்திருந்தால் இன்னும் நல்ல ஆல்பமாகியிருக்கும். மாறிய குரல் எங்கே போய்ச் சேரும் என்பதும் பாடினவன் கையில் இல்லை. 1982இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்ற 'ராக் த காஸ்பா', குண்டு போட மறுக்கும் விமானிகளைப் பற்றிய பாட்டு. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவ வானொலி அதை ஒலிபரப்பியது. இவையெல்லாம் படைப்பின் மீது வைக்க வேண்டிய கேள்விகள். மாறியதே குற்றம் என்பவன் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. அவனுக்குத் தீர்ப்பு முதலிலேயே தெரியும்.

மாறாமல் இருப்பது என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் குழுவே சாட்சி. 1983இல் ஸ்ட்ரம்மரும் பால் ஸிமனனும் மிக் ஜோன்ஸை வெளியேற்றினார்கள். அறிக்கையில் சொன்ன காரணம், குழுவின் ஆதி நோக்கத்திலிருந்து அவர் விலகிவிட்டார் என்பது. பிறகு புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு 1977இன் சப்தத்துக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார்கள். 1985இல் வந்த 'கட் த க்ராப்' அவர்களுடைய ஆல்பங்களில் மிக மோசமானது. இயந்திர மேளம், கூட்டமாகக் கோஷம், தாங்கள் க்ளாஷ்தான் என்று உரக்கச் சொல்லிக்கொள்ளும் ஒரு பாட்டு. தன்னை நிரூபிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்தபோது குரல் போய்விட்டது. விசுவாசத்தின் பெயரால் செய்ததுதான் அவர்கள் செய்தவற்றிலேயே பொய்யானதாக முடிந்தது.

முதல் ஆல்பத்தின் உண்மை அதன் மூன்று ஸ்வரக்கட்டுகளில் இல்லை. தன்னிடம் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே இருந்ததைச் சொன்னதில் இருந்தது. கண்ணெதிரே இருப்பது மாறினால், அதே மூன்று ஸ்வரக்கட்டுகள் அலங்காரமாகிவிடும். கோபமும் அலங்காரமாகும். குழந்தைகள் பாடிய அந்தப் பாட்டை இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். அந்த ஆல்பம் வந்த 1980இல் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. உதவாக்கரை வேலைகள் வேண்டாம் என்று 1977இல் மறுத்த பாட்டை, அந்த வேலைகளும் மிஞ்சப்போவதில்லாத தலைமுறை பாடுகிறது. கேலியாகத்தான் செய்தார்களோ என்னவோ. ஸ்ட்ரம்மர் மறுபடி கத்தியிருந்தால் எனக்கு இது கேட்டிருக்காது.

கேட்பவனுக்கு எந்த உரிமையும் இல்லையா? இருக்கிறது. ஒரு குரல் நமக்குத் துணையாக இருந்து, பிறகு இல்லாமல் போனால் துக்கப்பட உரிமை இருக்கிறது. ஆனால் நம் துக்கத்தை அவனுடைய குற்றமாக மாற்றும்போது ஒரு தார்மீக மோசடி நிகழ்கிறது. 'எனக்கு நீ தேவைப்பட்டாய்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'நீ விலைபோய்விட்டாய்' என்கிறோம். முன்னதைச் சொன்னால் நாம் பலவீனர்கள். பின்னதைச் சொன்னால் விமர்சகர்கள்.

1986இல் ஜோன்ஸின் புதிய குழுவுக்காக ஸ்ட்ரம்மர் அவரோடு சேர்ந்து ஓர் ஆல்பத்தைத் தயாரித்தார். ஆனால் மேடையில் இருவரும் சேர்ந்து வாசிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 2002 நவம்பர் 15 அன்று, வேலைநிறுத்தம் செய்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக லண்டன் ஆக்டனில் ஸ்ட்ரம்மர் பாடியபோது, பார்க்க வந்திருந்த ஜோன்ஸ் கிதாரோடு மேடையேறினார். முதல் ஆல்பத்தின் பாட்டுகளையும் வாசித்தார்கள். யாரும் நிர்ப்பந்திக்காதபோது பழைய சப்தம் தானாக வந்தது. டிசம்பர் 22 அன்று ஸ்ட்ரம்மர் இறந்தார். வயது ஐம்பது.

என் நண்பர் அந்தக் கட்டுரைக்குப் பிறகு பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவித அகங்காரம். அந்த இதழைத் தேடியெடுத்துக் கவிதைகளை மறுபடி படித்தேன். ஏழு கவிதைகள். இரண்டு நன்றாக இருக்கின்றன. மூக்குக்கண்ணாடிக் கவிதை அவற்றில் ஒன்று. மற்ற ஐந்தும் சுமார். அப்போது நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.